முதலில் பூ, அப்புறம்தான் தலை

சென்ற அக்டோபரில், நான் வேலை நிமித்தமாக வசிக்கும் இங்கிலாந்தில், ஒரு சிறிய ஊரின் நாணயச் சந்தையில் 22 ரோமச் செப்புக்காசுகளை 30 பவுண்டுக்கு வாங்கினேன். ஒரு பிளாஸ்டிக் பையில் மண்ணோடு கிடந்தன. விற்றவர் வயதானவர், நேர்மையானவர். நல்ல காசுகளை எல்லாம் தான் ஏற்கெனவே பொறுக்கிவிட்டதாகவும், மிஞ்சியதுதான் இது என்றும் முகத்துக்கு நேராகவே சொன்னார். பழைய உள்ளூர்ச் சேகரிப்பு ஒன்றிலிருந்து வந்தவை என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார். அந்த ரசீது முக்கியம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத காசை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் இருப்பது நல்லது.

நாலு மாதம் ஆனது. அதில் என்னென்ன செய்தேன், எங்கே சொதப்பினேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை ஊறப்போடுவது. குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் குளோரின் இருக்கும். கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேனாகக் கிடைத்தது. காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றை நன்றாகக் கழுவி, காசுகளைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சமையலறை ஜன்னலில் வைத்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். முதல் வாரம் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நான்காவது வாரம் கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. விருந்துக்கு வந்த ஒருவர் அதை ஏதோ புது ஊறுகாய் என்று நினைத்து மூடியைத் திறக்கப் போன பிறகு, பாட்டிலைக் கார் ஷெட்டுக்கு மாற்றும்படி வீட்டில் உத்தரவு வந்தது.

நான்கு வாரம் கழித்து எடுத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தேன். மண் போனது. அடியில் கரும்பச்சைப் படலம். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, கிராஃப் தாளில் வைத்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தேன். அப்போது அது வெறும் ஒழுங்குக்காகச் செய்தது. பின்னால் அதுதான் ஒரு காசைக் காப்பாற்றியது. காப்பாற்றியது என்று முழுதாகவும் சொல்ல முடியாது.

எண் 3. இது மற்றவற்றை விட மோசமாகக் களிம்பேறி இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அம்மா குத்துவிளக்கையும் பித்தளைக் குடத்தையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். செம்புக்குப் புளியை விட்டால் வேறென்ன? கொஞ்சம் புளி, ஒரு சிட்டிகை உப்பு, பத்து நிமிடம். களிம்பு போனது. கூடவே முகம், எழுத்து, எல்லாம் போனது. கையில் மிஞ்சியது ரோஜா நிறத்தில் குழிவிழுந்த ஒரு செப்புத் தகடு.

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் விளங்கியது. குத்துவிளக்கில் களிம்பு என்பது முழு உலோகத்தின் மேல் படிந்த மெல்லிய அழுக்கு. 1,700 வருடம் மண்ணில் கிடந்த காசில் அப்படி இல்லை. மேல் உலோகமே களிம்பாக மாறியிருக்கும். சக்கரவர்த்தியின் மூக்கும் எழுத்துகளும் இருப்பது அந்தப் பச்சைப் படலத்தில்தான், அதற்கு அடியில் இருக்கும் செம்பில் இல்லை. புளியின் அமிலம் படலத்தைக் கரைத்தால் படமும் கூடவே கரையும். போதாக்குறைக்கு நான் போட்ட உப்பு, செம்புக்குக் குளோரைடு என்ற விஷத்தையும் ஊட்டியது. எலுமிச்சை, வினிகர், கோலா, பேட்டரி சார்ஜரில் மின்சாரம் விடுவது எல்லாம் இதே கதைதான். அதற்குப் பிறகு மற்ற 21 காசுகளிலும் நான் பயன்படுத்தியது பல்குத்தும் மரக்குச்சியும் ஈரப் பஞ்சும் மட்டுமே.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ், நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்னத் தராசு, வெர்னியர் காலிப்பர், வளைக்கக்கூடிய ஒரு மேசைவிளக்கு. இந்த நான்கில் எது இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் என்று கேட்டால், மேசைவிளக்கு என்பேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசைவிளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்படி வைக்க வேண்டும். பிறகு காசை மெல்லச் சுற்ற வேண்டும். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரிந்த இடத்தில், திடீரென்று ஒரு எழுத்தின் நிழல் எழும். கொஞ்சம் சுற்றினால் மறையும், இன்னும் கொஞ்சம் சுற்றினால் அடுத்த எழுத்து வரும். ஒரே நிலையில் முழு வரியையும் படிக்க முடியாது. வரும் எழுத்தை வரும்போதே தாளில் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் இரண்டு வாரம் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். தலையைப் பார்த்தேன். இது யார் முகம் என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்தேன். வராது. 4ஆம் நூற்றாண்டுக் காசுகளில் முகங்கள் ஒன்றுபோலவே இருக்கும்: வலப்பக்கம் பார்க்கும் ஒரு மழித்த முகம், பெரிய கண், நெற்றியில் ஒரு பட்டம். அச்சு வெட்டிய ஆள் சக்கரவர்த்தியை ஒருநாளும் நேரில் கண்டிருக்க மாட்டார் என்று பார்த்தாலே தெரியும்.

பெயரும் உதவாது. அப்போது ஆண்ட அரச குடும்பத்தில் பெயர் வைத்த லட்சணம் அப்படி. பெரிய கான்ஸ்டன்டைனின் அப்பா கான்ஸ்டன்டியஸ். கான்ஸ்டன்டைனுக்குப் பின் ஆண்ட பிள்ளைகள் மூவர்: கான்ஸ்டன்டினஸ், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். 351இல், இந்த மூவருக்குத் தம்பி முறையான கேலஸை இளவரசனாக்கியபோது, அவருக்கும் கான்ஸ்டன்டியஸ் என்றே பெயர் மாற்றினார்கள். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, தெருவே குழம்புவதைப் போல. தேய்ந்த காசில் 'கான்ஸ்டன்' வரைதான் தெரிந்தது என்றால் எதுவுமே தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, காசைத் திருப்பிப் போட்டேன். பூவா தலையா விளையாட்டில் நாம் பூ என்கிறோமே, அந்தப் பக்கம். அங்கிருந்துதான் வேலை நகர ஆரம்பித்தது. ரோமர்கள் பூப்பக்கத்தில் சும்மா ஒரு அலங்காரத்தைப் போடவில்லை. ஒவ்வொரு படமும் அரசு அந்தக் காலத்தில் மக்களிடம் சொல்ல நினைத்த ஒரு வாசகம். ஒரு படம் சில வருடமே ஓடும், பிறகு பேரரசு முழுக்க ஒரேயடியாக மாறும். அதனால் படத்தை அடையாளம் கண்டால் காலம் வந்துவிடும். காலம் வந்தால், அப்போது ஆண்டவர்கள் மூன்று பேரோ நான்கு பேரோதான். அதற்குப் பிறகு தலைக்கு வரலாம்.

பூவைப் பார்ப்பதற்கும் முன்னால் அளவு. ஒவ்வொரு காசின் விட்டம், எடை, அச்சுத் திசை ஆகியவற்றை நோட்டில் எழுதினேன். அச்சுத் திசை என்பது, தலை நேராக இருக்கும்படி பிடித்துப் புரட்டும்போது பூ எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பது. அரசு அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் இடத்தில், அடித்த காசில் அது பெரும்பாலும் நேராகவோ தலைகீழாகவோ இருக்கும். இந்த மூன்றாவது எண்ணை ஒரு சம்பிரதாயத்துக்காகத்தான் எழுதி வந்தேன். எண் 14இல் அதன் அருமை தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சிறு காசுகளை அந்தக் காலத்தில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது பலவற்றுக்குத் தெளிவாக இல்லை. அதனால் சேகரிப்பவர்கள் விட்டத்தை வைத்தே பேசுகிறார்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் ஏஇ1, 21 முதல் 25 வரை ஏஇ2, 17 முதல் 21 வரை ஏஇ3, அதற்குக் கீழே ஏஇ4. என் பையில் இருந்தவை எல்லாமே கடைசி இரண்டு வகை. சீசர், அகஸ்டஸ் காலத்துப் பித்தளைப் பெருங்காசுகள் 30 பவுண்டுப் பையில் வராது.

மூன்று காசுகள் உடனே தனியாகப் பிரிந்தன. அவற்றில் தலையில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும் கதிர்முடி. அது இருந்தால் என் பை போன்ற ஒரு பையில் 3ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பெயருக்கு அது வெள்ளிக்காசு. ஆனால் 260களில் வெள்ளி கரைந்துபோய், செம்பின் மேல் ஒரு மினுமினுப்பு மட்டும் மிஞ்சியது. ஒன்றில் 'டெட்ரிகஸ்' என்ற பெயர் நன்றாகவே படிக்க முடிந்தது. ரோமிலிருந்து பிரிந்து, கால் (Gaul) என்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியையும் பிரிட்டனையும் தனியரசாக வைத்திருந்தவர்களில் கடைசி ஆள். 271 முதல் 274 வரை ஆண்டார். பிறகு ரோமப் பேரரசர் ஆரேலியனிடம் சரணடைந்தார். அவரைக் கொல்லாமல் விட்டுவிட்டு, இத்தாலியில் ஒரு பதவியும் கொடுத்தார் ஆரேலியன். அவர் மகனுக்கும் டெட்ரிகஸ் என்றே பெயர் (மறுபடியும்!). ஆனால் மகனுக்குத் தாடி கிடையாது. என் காசில் கூர்ந்த தாடி. அப்பாதான். மறுபக்கம் ஒரு பெண் பாவாடையைச் சற்றே தூக்கிக்கொண்டு நடக்கிறாள், கையில் நிஜமாகவே ஒரு பூ. ஸ்பெஸ், அதாவது நம்பிக்கை என்ற தேவதை. நாடு உடைந்து கிடந்த காலத்தில் காசில் நம்பிக்கையை அச்சடித்திருக்கிறார்கள்.

இனி எண் 7. இந்த ஒரு காசோடு மூன்று மாலைகள் போயின. கற்றுக்கொண்டதில் பாதி இதில்தான்.

விட்டம் 15.5 மில்லிமீட்டர். எடை 1.48 கிராம். பூப்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு ஆள் உருவம், கையில் ஈட்டி, காலடியில் கேடயம். நடுவில் கம்பு மாதிரி ஏதோ. இது 'க்ளோரியா எக்ஸர்சிடஸ்', படையின் புகழ் என்று பொருள். ரோமச் செப்புக்காசுகளில் எங்கே பார்த்தாலும் கிடைப்பது இது, என் பையிலேயே ஆறு. நடுவில் நிற்கும் கம்பு படைக்கொடி. அதை எண்ண வேண்டும். இரண்டு கொடி என்றால் 330 முதல் 335 வரை. ஒரே கொடி என்றால் 335 முதல் 341 வரை. 335 வாக்கில் காசின் எடையைக் குறைத்தார்கள், வட்டமும் சுருங்கியது, சுருங்கிய வட்டத்தில் இரண்டு கொடிக்கு இடமில்லை. அதனால் எண்ண முடியாதபடி தேய்ந்திருந்தாலும் தராசு சொல்லிவிடும். இரண்டு கொடிக் காசு ஏறக்குறைய இரண்டரை கிராம் இருக்கும், ஒரு கொடிக் காசு ஒன்றரை கிராம் பக்கம். 1.48 என்றால் ஒரு கொடிதான். விளக்கைச் சாய்த்துப் பார்த்ததும் அதுவே உறுதியானது.

இப்போது தலைக்கு வரலாம். நெற்றியில் மணிப்பட்டம் இல்லை, இலைமாலை. அந்த வருடங்களில் பட்டம் பேரரசருக்கு, இலைமாலை இளவரசர்களுக்கு என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு இளவரசன். எழுத்து: இடது பக்கத்தில் 'வி, எல்' என்று இரண்டு எழுத்து, அப்புறம் 'கான்ஸ்டன்டி', அதற்குப் பிறகு உடைந்த விளிம்பு. லத்தீனில் அப்போது யு என்று தனி எழுத்து கிடையாது, வி-யே இரண்டு வேலையும் பார்த்தது. அப்படியானால் அந்த 'வி, எல்' என்பது 'யூல்', அதாவது யூலியஸ் என்பதன் சுருக்கத்தின் வால். மூத்தவன் கான்ஸ்டன்டினஸின் காசில், பெயருக்குப் பின்னால் ஜூனியர் என்பதன் சுருக்கம் வரும், முன்னால் யூலியஸ் வராது. கடைக்குட்டி கான்ஸ்டன்ஸின் பெயரில் 'கான்ஸ்டன்' என்பதற்குப் பின்னால் 'டி' வரவே வராது. மிஞ்சியது நடுப்பிள்ளை இரண்டாம் கான்ஸ்டன்டியஸ். அவர் 337 செப்டம்பரில் பேரரசரானார். ஒரு கொடி 335இல் தொடங்குகிறது. இந்தக் காசு அந்த இரண்டு வருடத்துக்குள் அடிக்கப்பட்டது. விளிம்பு உடைந்த ஒரு ஏஇ4இல் இரண்டு வருடம் வரை நெருங்க முடிகிறது என்பது எனக்கு அன்று தூக்கம் வராத அளவுக்கு சந்தோஷமாக இருந்தது.

அடுத்தது எங்கே அடித்தார்கள் என்பது. பூப்பக்கத்தின் அடியில், உருவங்கள் நிற்கும் தரைக்கோட்டுக்குக் கீழே ஒரு பிறைத்துண்டு இடம் இருக்கும். அக்கசாலையின் குறி அங்கேதான். டிஆர் என்றால் இன்றைய ஜெர்மனியின் ட்ரியர். எஸ்ஐஎஸ் என்றால் சிஸ்கியா, இன்றைய குரோவேஷியாவில். எஸ்எம்ஏஎன் அந்தியோகியா, ஏஎல்இ அலெக்சாந்திரியா. எஸ்எம் என்று தொடங்கினால் அது 'புனித நாணயம்' என்பதன் சுருக்கம், அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் படிக்க வேண்டும். ஊர்ப்பெயரோடு பட்டறை எண்ணும் ஒட்டியிருக்கும். மேற்கே முதலாவது, இரண்டாவது என்பதற்கு லத்தீனில் பி, எஸ். கிழக்கே கிரேக்க எழுத்துகளான ஆல்ஃபா, பீட்டா.

எண் 7இல் 'கான்ஸ்' என்று நான்கு எழுத்து தெரிந்தது. கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) என்று நோட்டில் எழுதிவிட்டு, அந்த ஊரின் பட்டியலில் தேடினேன். மூன்றாவது மாலை, வேறு ஏதோ பார்ப்பதற்காக விளக்கைக் கீழிருந்து மேலாக அடித்தபோது, அந்த நான்கு எழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன வளைவு, பின்னால் ஒரு குறுக்குக்கோடு. முன்னால் பி, பின்னால் டி. கான்ஸ்டான்டிநோபிள் குறியில் பட்டறை எழுத்து கடைசியில்தான் வரும், முன்னால் பி வராது. இது பிரான்சில் உள்ள ஆர்ல். 328 வாக்கில் அந்த ஊருக்குக் கான்ஸ்டன்டினா என்று அரச குடும்பப் பெயரைச் சூட்டியிருந்தார்கள், அக்கசாலைக் குறியும் அதற்கேற்ப மாறியது. ஒரு எழுத்தைத் தவறவிட்டதில் காசு ஐரோப்பாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விட்டது. 'கான்ஸ்' என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்கும் எல்லோருக்கும் இந்தப் பள்ளம் காத்திருக்கிறது.

படங்களை ஒப்பிட இரண்டு இலவசத் தரவுத்தளங்கள் கைகொடுத்தன. ஒன்று அமெரிக்க நாணயவியல் கழகத்தினுடையது, ரோமப் பேரரசுக் காசுகளை எண் வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் திட்டத்தினுடையது. எனக்கு அதிகம் பயன்பட்டது இரண்டாவதுதான். அருங்காட்சியகப் படங்களில் காசு நேற்று அடித்ததுபோல இருக்கும், நம் கையில் இருப்பதோடு ஒட்டவே ஒட்டாது. வயலில் கிடைத்துத் தேய்ந்த ஆயிரக்கணக்கான காசுகளைப் பார்த்துப் பார்த்துத்தான், தேய்ந்த குதிரை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியது.

ஆமாம், குதிரை. 348இல் புதிய வகைக் காசு ஒன்று வந்தது: 'ஃபெல் டெம்ப் ரெபராஷியோ', நல்ல காலம் திரும்பிவிட்டது. ரோம் நகரம் பிறந்து 1,100 வருடம் ஆனதைக் கணக்கு வைத்துக்கொண்ட காலம் அது. நல்ல காலத்தைக் காட்டப் பல படங்கள் போட்டார்கள், அவற்றில் அதிகம் நிலைத்தது இது: ஒரு ரோமச் சிப்பாய், குதிரையோடு சரிந்து விழும் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். என்னிடம் அப்படி நான்கு. எவ்வளவு தேய்ந்தாலும், மடங்கிய குதிரைக் காலும் மேலே சாய்ந்து நிற்கும் சிப்பாயும் சேர்ந்து ஒரு மாதிரியான மூலைவிட்டக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் போதும்.

அந்த நான்கில் ஒன்றுதான் எண் 14. அச்சு ஆழமாக விழுந்த காசு, எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. 22இல் மிகத் தெளிவான எழுத்து இதில்தான். ஆனால் படிக்க முடியவில்லை. ஒரு நேர்கோடு, இன்னொரு நேர்கோடு, ஒரு வட்டம், மறுபடியும் இரண்டு கோடு, தலைகீழாக ஒரு வி. எனக்குத் தெரிந்த எல்லாச் சக்கரவர்த்திகளின் பெயரையும் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் காட்டிப் படித்தேன். கிரேக்கமோ என்று நினைத்தேன். இரண்டு வாரம்.

கடைசியில் நோட்டைப் புரட்டியபோது எண்களே காட்டிக்கொடுத்தன. விட்டம் 11 மில்லிமீட்டர், எடை 0.87 கிராம். உண்மையான குதிரைக் காசு 17 மில்லிமீட்டர் பக்கம், இரண்டு கிராமுக்கு மேல் இருக்கும். அச்சுத் திசை நேராகவும் இல்லை, தலைகீழாகவும் இல்லை, கடிகாரத்தில் நாலு மணி காட்டும் முள்போலச் சாய்ந்திருந்தது. இது அரசு அடித்த காசே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத யாரோ ஒருவர் உண்மையான காசைப் பார்த்து அச்சு வெட்டியிருக்கிறார். படத்தைப் படமாகப் பார்த்து வெட்டியது போலவே எழுத்தையும் படமாகவே பார்த்து வெட்டியிருக்கிறார். நான் இரண்டு வாரம் படிக்க முயன்றது எழுத்தே அல்ல, எழுத்தின் ஜாடை.

கள்ளக்காசு என்று சொல்லத் தோன்றும். ஆனால் பிரிட்டனில் இது அவ்வளவு சாதாரணமாகக் கிடைக்கிறது, ஏமாற்று வேலை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. மக்னென்டியஸ் என்ற கலகக்காரர் 353இல் வீழ்ந்த பிறகு, அவருடைய காசுகள் செல்லாமல் போயின. புதிய காசு பிரிட்டனுக்குப் போதுமான அளவு வரவில்லை. சந்தைக்குச் சில்லறை வேண்டும். அவரவர் கையில் இருந்த செம்பை வைத்து அடித்துக்கொண்டார்கள். நம் ஊரில் பஸ் கண்டக்டர் சில்லறைக்குப் பதில் டிக்கெட்டின் பின்னால் பேனாவால் எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது இந்தப் பையில் எனக்குப் பிடித்த காசு இதுதான்.

பையில் இருந்ததிலேயே சிறியவற்றில் இன்னொன்று, 13 மில்லிமீட்டர், 1.1 கிராம். சிறகுள்ள வெற்றித் தேவதை ஒரு கைதியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். 'சாலஸ் ரெய்பப்ளிகே', நாட்டின் நலம். 388க்குப் பிறகு வந்த வகை. தலைப்பக்கம் முழுக்க மொட்டை. தியோடோசியஸோ, ஆர்கேடியஸோ, ஹொனோரியஸோ, யாராகவும் இருக்கலாம். பேரரசர் தெரியவில்லை என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இந்தக் கடைக்கால ரோமச் செப்புக்காசுகள் நம் பக்கமும் வந்திருக்கின்றன என்பது கொஞ்சம் ஆறுதல். கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, அங்கே இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலிகளும் அடித்தார்கள். எண் 14இன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம். இதைப் படித்துவிட்டு யாரும் ஆற்றுக்கு சல்லடையோடு கிளம்ப வேண்டாம். இந்தியாவில் நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். மண்ணில் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் வருடச் சட்டமும் இன்னும் இருக்கிறது.

ஜனவரியில் எண் 19 படுத்தியது. வாலென்ஸ் என்ற பேரரசரின் காசு, இத்தாலியின் அக்விலேயா அக்கசாலை, முழுதாக அடையாளம் கண்டு உறைக்குள் வைத்தாகிவிட்டது. ஒருநாள் திறந்தால் உறைக்குள் வெளிர்பச்சை மாவு. குச்சியால் தொட்டால் உதிர்கிறது. நல்ல களிம்பு கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். இது கிளிப்பச்சையில் பவுடராக இருந்தால் வெண்கல நோய் என்கிறார்கள். உள்ளே தங்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செம்பைத் தின்று, மறுபடி அமிலமாகிக்கொண்டே போகும். ஒரே உறையில் கிடக்கும் மற்ற காசுகளையும் தனியே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. மாவைக் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, வாஷிங் சோடாவையும் ஆப்ப சோடாவையும் சம அளவில் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து ஊறப்போட்டேன். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றி, ஐந்து வாரம். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலசி, நன்றாக உலர்த்தி, மெழுகு பூசினேன். இப்போது எல்லாக் காசுகளும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் இருக்கின்றன. புது ஷூ வாங்கினால் வரும் பொட்டலம்தான்.

ஊருக்குப் போன் செய்தபோது அப்பாவிடம் இதையெல்லாம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா, இப்ப வித்தா எவ்வளவு போகும்?" என்றார். அடையாளம் கண்டவற்றைத் தனித்தனியாக விற்றால் போட்ட பணம் கிடைக்கலாம், டிஸ்டில்டு வாட்டர் செலவு கிடைக்காது. "அப்ப செல்லாக்காசுதான்" என்றார்.

கணக்கு இது: 13 காசுகளுக்கு ஆள், காலம், ஊர் மூன்றும் தெரிந்தன. ஐந்துக்கு வகையும் காலமும் மட்டும். மூன்று இரண்டு பக்கமும் வழுவழுப்பு, அவற்றை இனி யாராலும் எதுவும் செய்ய முடியாது. மிச்சம் எண் 3.

அதைப் பாழான காசு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பிப்ரவரியில் எல்லா போட்டோக்களையும் ஒழுங்குபடுத்தும்போது, புளி போடுவதற்கு முன் எடுத்த எண் 3இன் படம் வந்தது. அக்டோபர், நவம்பரில் எனக்குப் பூவைப் பார்க்கத் தெரியாது, தரைக்கோட்டுக்குக் கீழே பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது. படத்தைப் பெரிதாக்கினேன். களிம்புக்கு நடுவே சதுரமாக ஒரு பலிபீடம், அதன் மேல் உருண்டை. மேலே புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள். 'பேயாட்டா ட்ரான்குவிலிட்டாஸ்' வகை. பேரின்ப அமைதி என்று பொருள். இந்த வகையை மூன்றே ஊர்களில்தான் அடித்தார்கள்: ட்ரியர், லியோன், லண்டன். தரைக்கோட்டுக்குக் கீழே பி, எல், ஓ என்று மூன்று எழுத்து, நான்காவது பாதி. லியோன் குறியில் ஓ வராது.

லண்டன் அக்கசாலையை 325இல் மூடிவிட்டார்கள். ஊர் தெரிந்த காசுகளில், நான் இருக்கும் இந்த நாட்டிலேயே அரசு அடித்த காசு அது ஒன்றுதான். தகட்டை எடுத்து விளக்கடியில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். பீடம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். எழுத்து ஒன்றும் இல்லை.

புது உறை எடுத்து எழுதினேன்: எண் 3. லண்டன், 321–324. ஆள் தெரியவில்லை. சான்று போட்டோ மட்டும்.